நோயும் போலீஸும்

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்திலுள்ள யூஜீன் என்னும் நகரத்தில் 1989-ஆம் வருஷம் முதல் நடந்து வந்த ஓர் உத்தமமான ஏற்பாடு 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நின்று போயிற்று. புத்தி கலங்கித் தெருவில் நிற்பவனிடமும், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவனிடமும், வீடு வாசலின்றி வாடுபவனிடமும் போலீஸ் சேவகரை அனுப்பாமல், வைத்தியப் பயிற்சி பெற்ற ஒருவரையும், மனோவியாதியஸ்தரிடம் பேசிப் பழகிய ஒருவரையும், ஆயுதம் எதுவுமின்றி ஒரு வண்டியில் அனுப்பி வைப்பதே அந்த ஏற்பாடு. அதற்குக் 'கஹூட்ஸ்' என்று பெயர். வைட் பேர்டு கிளினிக் என்ற தர்ம வைத்திய ஸ்தாபனம் நகர சபையின் பண உதவியோடு அதை நடத்தி வந்தது. அதைப் பார்த்து அமெரிக்காவிலே பல நகரங்கள் தாமும் அவ்வாறு செய்யத் தொடங்கின. பார்த்துச் செய்தவை நடந்து வருகின்றன. அவற்றுக்கு வழிகாட்டியோ தான் பிறந்த ஊரிலேயே நின்றுவிட்டது. இது ஏன் நேர்ந்தது, இதனால் நாம் அறிய வேண்டியது என்ன என்பவற்றை ஆராய்வது பொதுக் காரியங்களில் சிரத்தையுள்ள நம் வாசகர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று எண்ணுகிறோம்.

மாரடைப்பு வந்தவன் வீட்டுக்கு வைத்தியருக்குப் பதிலாகப் போலீஸாரை அனுப்புவது வழக்கமல்ல. பிரசவ வேதனைப்படும் ஸ்திரீக்காகக் கான்ஸ்டேபிளைக் கூப்பிடுவாரும் எவருமில்லை. ஆயினும், சித்தம் தடுமாறித் தன்னை மறந்து கூச்சலிடுகிறவன் வீட்டு வாசலுக்கு மட்டும் முதல் முதல் வருவது காக்கிச் சட்டையாகவோ நீலச் சட்டையாகவோ இருக்கிறது. நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றுக்குக் குற்றத்துக்கு உரிய மரியாதையே நடக்கிறது. இந்த விபரீதம் எப்படி உண்டாயிற்று?

அமெரிக்காவின் சரித்திரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1955-ஆம் வருஷத்தில் அந்நாட்டு மாகாண சர்க்கார்களின் மனோவியாதி ஆஸ்பத்திரிகளில் சுமார் 5,58,000 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவற்றுள் பலவும் ஆஸ்பத்திரி என்ற பெயருக்கே தகுதியற்றவை. புதிய மருந்துகள் வந்தன. அடைத்து வைப்பது அநியாயம் என்ற கருத்தும் பரவிற்று. 1963-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பதிலாக, ஜனங்கள் வசிக்கும் இடங்களுக்கு அருகிலேயே சிகிச்சை நிலையங்களை நிறுவ வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால், ஆஸ்பத்திரிகளை மூடுவதில் காட்டிய வேகத்தை நிலையங்களைத் திறப்பதில் காட்டவில்லை. பொக்கிஷத்துக்கு மிச்சம் பிடிப்பது சுலபமாயிற்று; நோயாளிக்குச் செலவழிப்பது கடினமாயிற்று. 2016-இல் மாகாண ஆஸ்பத்திரிகளில் இருந்த படுக்கைகள் 38,000-க்கும் குறைவே. பழைய வீட்டை இடித்தாயிற்று, புதிய வீடு எழும்பவில்லை என்றால் குடியிருப்பவன் எங்கே போவான்? தெருவுக்குத்தான் வருவான். தெருவுக்கு இரவும் பகலும் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியது போலீஸ் ஒன்றே. இவ்வாறாக, யாரும் தீர்மானம் போட்டுச் செய்யாமலே, போலீஸார் மனோவியாதிக்கு முதல் வைத்தியர்கள் ஆகிவிட்டனர்.

இதன் பலன் என்ன? போலீஸ்காரனுக்குக் கற்றுக் கொடுத்திருப்பது கட்டளையிடுவது. கீழ்ப்படியாதவனைப் பலத்தால் அடக்குவது. சித்தம் கலங்கியவனுக்கோ கட்டளை காதில் ஏறுவதில்லை. காதில் ஏறினாலும், உள்ளே ஒலிக்கும் ஆயிரம் குரல்களில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. 'கையைத் தூக்கு' என்று ஒருவன் அதட்ட, மற்றவன் பயந்து ஓட, அல்லது எதிர்த்து வர, ஒரு நிமிஷத்தில் காரியம் கைமிஞ்சிப் போய்விடுகிறது. அமெரிக்காவில் போலீஸாரின் துப்பாக்கிக்கு வருஷந்தோறும் ஆயிரம் பேர் வரையில் இரையாகிறார்கள் என்பதை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 2015 முதல் 2024 வரையில் பட்டியலிட்டுக் காட்டியது. மாண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனோவியாதியஸ்தர் என்று அந்தப் பட்டியலே கூறுகிறது.

நியூயார்க் மாகாணத்து ராசெஸ்டர் நகரில் 2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் நடந்த சம்பவத்தை உலகம் அறியும். சகோதரனுக்குப் புத்தி சரியில்லை, அவனைக் காப்பாற்றுங்கள் என்று கூடப்பிறந்தவரே போலீஸுக்கு டெலிபோன் செய்தார். குளிர் நடுக்கும் இரவில் நிர்வாணமாகத் தெருவில் நின்ற அம்மனிதனுக்குப் போலீஸார் விலங்கு பூட்டினர், முகத்தில் முகமூடி ஒன்றை மாட்டினர், தரையோடு அழுத்தினர். அவன் மூச்சு நின்றது. ஒரு வாரத்தில் உயிரும் போயிற்று. உடலில் போதைப் பொருள் இருந்ததையும் பிரேத பரிசோதனை கண்டது. ஆயினும் அடக்கிப் பிடித்ததால் மூச்சுத் திணறியதையே முதலில் கூறிற்று. 2021 பிப்ரவரியில் கிராண்ட் ஜூரியார் போலீஸார் மீது குற்றம் சாட்ட மறுத்தனர். சட்டம் படித்தவன் என்ற முறையில் அத்தீர்ப்பைப் பற்றி நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஒரு மனிதன் அநியாயமாக மாண்டிருக்க, தனி ஆள் எவர் மேலும் குற்றமில்லையென்றால், குற்றம் எங்கே போய்ச் சேரும்? ஆட்களை அப்படி அனுப்பிய ஏற்பாட்டின் மேலல்லவா?

இந்த ஏற்பாட்டைத் திருத்த அமெரிக்கர்களும் பிறரும் மூன்று வழிகளைக் கையாண்டு பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, போலீஸாருக்கே பயிற்சி கொடுப்பது. டென்னசி மாகாணத்து மெம்பிஸ் நகரில் 1987-ஆம் வருஷம், கத்தியுடன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். ஊர் கொதித்தது. மறு வருஷமே போலீஸாரும், நோயாளிகளின் குடும்பத்தாரும், சர்வகலாசாலையாரும் கூடிப் பேசி ஒரு திட்டம் வகுத்தனர். மனமுவந்து முன்வரும் போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி. அவர்கள் அழைத்து வரும் நோயாளியைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக்கொள்ள ஓர் ஆஸ்பத்திரி. அத்திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவிற்று. அதனால் நன்மையில்லை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் 40 மணி நேரம் படித்துவிட்டு ஒருவர் வைத்தியராகிவிட முடியுமானால், வைத்தியக் கல்லூரிகளை இன்றே மூடிவிடலாம்!

இரண்டாவது, போலீஸாரும் மனோ வைத்தியப் பயிற்சியுள்ளவரும் ஒரே வண்டியில் செல்வது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1993 முதல் இம்முறை உண்டு. டென்வர் நகரம் 2016-இல் இதைத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 2013 முதல் தாதிகள் போலீஸாருடன் தெருவுக்கே போகவும், போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டெலிபோன் மூலம் ஆலோசனை கூறவும் ஏற்பாடு செய்தார்கள். இதனால் விளையும் லாபம் தெளிவானது. நோயாளியின் பழைய சரித்திரத்தை அறிந்த ஒருவர் அங்கேயே இருக்கிறார். அவன் உட்கொண்டுவந்த மருந்து என்ன, எப்போது நிறுத்தினான், எந்த வைத்தியர் அவனை அறிவார் என்று கேட்கத் தெரிந்தவர் அவர். ஸ்டேஷனுக்கா, ஆஸ்பத்திரிக்கா, அல்லது வீட்டிலேயே விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு அறிவுள்ள விடை கிடைக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. வண்டி போலீஸாருடையது, உத்தரவும் அவர்களுடையது. நிலைமையை அடக்கி முடித்தான பிறகே வைத்தியரை உள்ளே விடுவது பல இடங்களில் வழக்கமாகிவிடுகிறது. சண்டை ஓய்ந்த பிறகு சமாதானத் தூதன் வருவதுபோன்றது இது. தவிர, உடுப்பையும் துப்பாக்கியையும் கண்ட மாத்திரத்தில் நோயாளியின் பயம் இரட்டிக்கிறது. வைத்தியர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவன் கண் துப்பாக்கியின் மேலேயே இருக்கும்.

மூன்றாவது வழி, ஆபத்தில்லாத இடங்களுக்குப் போலீஸார் இன்றியே வைத்தியரை அனுப்புவது. யூஜீன் நகரத்தார் செய்தது இதுவே. டென்வர் நகரமும் 2020 ஜூனில் 'ஸ்டார்' என்ற பெயரால் இதைத் தொடங்கிற்று. முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்கு அந்த வண்டி போயிற்று, ஒருவரும் கைதாகவில்லை, போலீஸ் துணை வேண்டுமென்று கேட்க வேண்டிய அவசியமும் நேரவில்லை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் இருவர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அந்த வண்டி ஓடிய வட்டாரங்களில் சில்லறைக் குற்றங்களைப் பற்றிய புகார்கள் 34 சதவிகிதம் குறைந்தன. பலாத்காரக் குற்றங்கள் அதனால் அதிகமாகவும் இல்லை. அப்படிப்பட்ட சிறு குற்றத்தைப் போலீஸும் கோர்ட்டும் கவனிப்பதற்கு ஆகும் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே இம்முறைக்கு ஆயிற்று என்றும் அவர்கள் கணக்கிட்டனர். சுவீடன் தேசத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2015 முதல் மனோ வைத்தியத் தாதிகள் இருவர் செல்லும் தனி ஆம்புலன்ஸே ஏற்படுத்தப்பட்டது.

இவ்விஷயத்தில் மிகையாகப் பேசுவதும் தவறு. யூஜீனில் மொத்த அழைப்புகளில் 17 சதவிகிதத்தைத் தாங்களே கவனித்ததாக அதன் நண்பர்கள் கூறிவந்தனர். போலீஸ் இலாகாவினர் கணக்குப் பார்த்து, போலீஸார் போயிருக்க வேண்டிய வேலையில் உண்மையாகக் குறைந்தது 5 முதல் 8 சதவிகிதமே என்றனர். இரண்டாவது கணக்கையே ஒப்புக்கொள்வோம். நூற்றில் ஐந்து என்பதும் ஒரு நகரத்தில் வருஷத்துக்குப் பல ஆயிரம் தடவை துப்பாக்கியில்லாத கை கதவைத் தட்டியது என்றே பொருள்படும். நல்ல காரியத்துக்குப் பொய்க் கணக்கு துணை வேண்டியதில்லை.

நிற்க. இம்முறைகளை எதிர்த்து இரு திறத்தார் பேசுகிறார்கள். 'ஆயுதமில்லாத வைத்தியரை அனுப்பி அவர் குத்துப்பட்டால் யார் ஜவாப்தாரி?' என்பது ஒரு சாரார் கேள்வி. நியாயமான கேள்விதான். கத்தியோ துப்பாக்கியோ கையில் இருக்கிறதென்றால் வைத்தியரைத் தனியே அனுப்பச் சொல்பவர் யாருமில்லை. அங்கே இருவரும் சேர்ந்தே போக வேண்டும். ஆனால் கத்தியுள்ள ஒருவனுக்காகக் கத்தியில்லாத நூறு பேரையும் கத்தியுள்ளவர்களாகவே பாவிப்பது நியாயமா? 'போலீஸாரின் நிழலே நோயாளியின் மேல் படக்கூடாது' என்பது மற்றொரு சாரார் கட்சி. இவர்களுடைய கோபத்தின் காரணத்தை நாம் அறிவோம். எனினும், வைத்தியர் வந்து சேருமுன்பே போலீஸார் விலகிக்கொண்டால் நடுவில் தவிப்பது நோயாளிதான். இங்கிலாந்தில் ஹம்பர்சைடு போலீஸார் 2020-இல் தொடங்கி, 2023-இல் தேச முழுவதற்கும் ஒப்பந்தமான ஏற்பாட்டின்படி, வைத்திய உதவி மட்டுமே வேண்டிய அழைப்புகளுக்குப் போலீஸார் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதன் தத்துவம் சரியே. ஆயினும், போலீஸார் விட்ட இடத்தை நிரப்ப வைத்திய இலாகாவில் போதிய ஆட்கள் உண்டா என்ற கேள்வி அங்கே உடனே எழுந்தது. காவலன் போனான், வைத்தியன் வரவில்லை என்ற நிலை வந்தால் அது சீர்திருத்தமாகாது, கைகழுவுதலே ஆகும்.

ஆகவே, வைத்தியரும் போலீஸாரும் சேர்ந்து போகலாமா கூடாதா என்பதல்ல உண்மையான கேள்வி. முன்னே நிற்பது யார், பின்னே நிற்பது யார் என்பதே கேள்வி. நோயாளி வீட்டில் வைத்தியர் முன்னே நிற்க வேண்டும். காவலர் பின்னே நிற்க வேண்டும். பேசுவதா, காத்திருப்பதா, தொடுவதா, அழைத்துப் போவதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வைத்தியரிடம் இருக்க வேண்டும். உயிருக்கு உடனே ஆபத்து வந்தாலன்றி அவர் சொல்லை மீறிப் போலீஸார் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், ஒரே வண்டியில் எத்தனை வைத்தியரை ஏற்றினாலும் அவர்கள் போலீஸாரின் சாட்சிகளாகத்தான் இருப்பார்கள்.

இந்த விதி காரியத்தில் வர மூன்று அவசியங்கள் உண்டு. ஒன்று, டெலிபோன் அறை. எந்த அழைப்புக்கு யாரை அனுப்புவது என்று முதலில் தீர்மானிப்பது அங்கேதான். நியூயார்க் நகரம் 2021-இல் ஹார்லெம் முதலிய பகுதிகளில் வைத்தியக் குழுக்களை நியமித்தது. ஆனால் முதல் மாதத்தில் மனோவியாதி சம்பந்தமான அழைப்புகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அக்குழுக்களுக்கு அனுப்பப்பட்டது. மற்றவை பழைய வழியிலேயே போயின. வண்டி இருந்தும் அழைப்பு வரவில்லை! போலீஸ், தீ, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 911 என்ற எண்ணோடு, மனத்துயருக்கென்று 988 என்ற தனி எண்ணை 2022 ஜூலையில் அமெரிக்கா முழுவதும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு வண்டி புறப்பட வேண்டும்.

இரண்டாவது, கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம். மெம்பிஸ் நகரத்தார் இதை முதலிலேயே உணர்ந்தனர். இங்கிலாந்தில் 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் காணப்படும் நோயாளியைப் போலீஸார் 'பாதுகாப்பான இடத்துக்கு' அழைத்துச் செல்லலாம். ஆஸ்பத்திரியில் இடமில்லாமையால் ஆயிரக்கணக்கானோருக்குப் போலீஸ் அறையே அந்தப் பாதுகாப்பான இடமாயிற்று! பின்னர் 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தால் 18 வயது நிரம்பாதவரைப் போலீஸ் அறையில் வைப்பதை அடியோடு தடுத்தனர். அடைத்து வைக்கும் காலத்தை 72 மணியிலிருந்து 24 மணியாகக் குறைத்தனர். இயன்ற இடங்களில் வைத்தியப் பயிற்சியுள்ளவரைக் கலந்துகொண்ட பிறகே போலீஸார் அப்பிரிவைப் பிரயோகிக்க வேண்டுமென்றும் விதித்தனர். வைத்தியர் சொல்லைக் கேட்பதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது போற்றத்தக்கது.

மூன்றாவது, பணம். யூஜீன் ஏற்பாடு வீழ்ந்தது கொள்கையில் தோற்றதனாலல்ல. நடத்தி வந்த ஸ்தாபனத்துக்குப் பண நெருக்கடி ஏற்பட்டது, ஆட்களைக் குறைத்தார்கள், நகரத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது. 2021-இல் அமெரிக்க மத்திய சர்க்கார் இத்தகைய வண்டிகளுக்கு ஏழைகளின் வைத்திய நிதியிலிருந்து செலவில் 85 சதவிகிதம் தர முன்வந்தது. அதுவும் மூன்று வருஷங்களுக்கு மட்டுமே. போலீஸ் இலாகாவை மூன்று வருஷ மானியத்தில் நடத்தும் தேசம் எங்கேனும் உண்டா? டென்வர் ஜனங்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். 2018 நவம்பரில் அவர்கள் தாங்களே வாக்களித்து, 100 டாலருக்கு 25 செண்ட் வீதம் விற்பனை வரியை உயர்த்தி, மனோவியாதிச் சிகிச்சைக்கென்று தனி நிதி ஏற்படுத்திக்கொண்டனர். அந்த நிதியிலிருந்தே 'ஸ்டார்' வண்டிக்கும் உதவி கிடைத்தது. ஓர் ஊரில் தர்மத்தை நம்பியது நின்றது. மற்றோர் ஊரில் வரியை நம்பியது ஓடுகிறது. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கலாகாது.

இவையெல்லாம் கடல் கடந்த சமாசாரங்கள். நமக்கென்ன என்று கேட்பவர் நமது சட்டப் புஸ்தகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். வெள்ளைக்கார சர்க்கார் 1912-இல் செய்த சட்டம், சித்தம் கலங்கி அலைபவனைப் போலீஸார் 'கைது' செய்யலாம் என்றது. நாம் சுதந்திரம் பெற்று நாற்பத்தைந்து வருஷங்கள் ஆன பிறகும் அச்சட்டமே ஆண்டது. 1987-இல் இயற்றி 1993-இல் அமலுக்கு வந்த சட்டம் 'கைது' என்ற சொல்லை நீக்கிப் 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் போட்டது. எனினும் நோயாளியை நிறுத்தியது மாஜிஸ்டிரேட்டின் முன்னிலையில்தான். 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 100-ஆம் பிரிவே, அவனை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது வைத்திய நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது என்று விதித்தது. கைதியாயிருந்தவன் நோயாளியாவதற்குச் சட்டத்துக்கு நூறு வருஷங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது!

ஆயினும் அந்தப் பிரிவிலும், நோயாளியிடம் முதலில் போகும் கடமை போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியுடையதாகவே இருக்கிறது. அவருடன் ஒரு வைத்தியரோ தாதியோ செல்ல வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். மனந்திறந்து பேச ஒரு குரல் கிடைப்பது பெரிய உதவியே. ஆனால் டெலிபோனைக் கையில் எடுக்கவும் இயலாத நிலையில் இருப்பவன் வீட்டுக்கு யாரேனும் நேரில் போக வேண்டுமே! அந்த இடத்தில்தான் சட்டத்தில் ஒரு வரி குறைகிறது. ஜில்லா ஆஸ்பத்திரியில் ஒரு வண்டியும், அதில் ஏற இரண்டு பேரும் குறைகிறார்கள்.

சட்டசபைகளில் நம் பிரதிநிதிகளாக இருப்போரும், நகர சபைகளை நடத்துவோரும், பொதுத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெரிய மாளிகைகளைக் கட்டச் சொல்லவில்லை. முதலில் ஒரு ஜில்லாவில் செய்து பார்க்கட்டும். அழைப்பை ஏற்கும் இடத்தில் பயிற்சியுள்ள ஒருவர், போகும் வண்டியில் வைத்தியத்துக்கு முதலிடம், போய்ச் சேர மறுக்காத ஒரு படுக்கை, இவற்றுக்கு வருஷந்தோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிய பணம் — இந்த நான்கும் இருந்தால் போதும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயன்படா என்பதை யூஜீன் நகரம் நமக்குக் காட்டிவிட்டது.

புத்தி கலங்கியவனுக்கு ஓட்டு இல்லாமல் போகலாம். ஊர்வலம் நடத்தவும் அவனால் ஆகாது. தன் வழக்கைத் தானே எடுத்துச் சொல்லவும் அவனுக்கு வாய் இராது. அவனுடைய வீட்டாரோ வெட்கத்தால் வாய் மூடிக்கிடக்கிறார்கள். அத்தகையவனுக்காகப் பேச வேண்டியவர்கள் நாம். சுதந்திர நாட்டில் ஒருவன் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில் சர்க்கார் எந்த உருவத்தோடு அவன் வாசலில் வந்து நிற்கிறது என்பதைக் கொண்டே அந்நாட்டின் நாகரிகத்தை அளக்க வேண்டும். கையில் விலங்கோடு வரும் சர்க்காரை நாம் நெடுங்காலம் பார்த்துவிட்டோம். இனி மருந்துப் பெட்டியோடு வருமாறு செய்வது நமது கடமை.